அம்மாவின் கையும் அப்பாவின் சாட்சியும்

அம்மாவின் இடது கை முழங்கைக்குக் கீழே சற்று வளைந்திருக்கும். அப்பா மூடை தூக்கும் கொழுக்கியின் மரப்பிடியால் அடித்து முறித்த கை அது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல், பக்கத்து வீட்டு மாமி சிலாகை வைத்துக் கட்டிய கட்டோடு எலும்பு தன்பாட்டில் பொருந்திக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கேட்டால் விழுந்தேன் என்று சொல்லவேண்டும். சொன்னால் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் பொலிஸ் வரும். பொலிஸ் வந்துபோன பிறகும் அப்பா வீட்டில்தான் இருப்பார். இவ்வளவையும் அம்மா அந்த வலியோடேயே யோசித்திருக்கிறார்.

அப்பா திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள களஞ்சியங்களில் மூடை சுமக்கும் நாட்டாமை. மா மூடை, சீமெந்து மூடை, சீனி மூடை எதுவாக இருந்தாலும் கொழுக்கியைக் குத்தி இழுத்து முதுகில் ஏற்றவேண்டும். மரப்பிடி உள்ளங்கைக்குள் அடங்கும். இரும்பு விரல்களுக்கிடையால் வெளியே வளைந்து நிற்கும். வேலை முடிந்து வரும்போது அது இடுப்பில் செருகியிருந்தால் எங்களுக்கு மூச்சு வரும். கையிலிருந்தால் நானும் அம்மாவும் பின்படலையால் வெளியேறிவிடுவோம். எல்லா நாளும் நேரத்துக்கு வெளியேற முடிவதில்லை. குழம்பில் புளி கூடினாலும் அடி, குறைந்தாலும் அடி. அம்மாவின் தலைமயிரைக் கையில் சுற்றிக் கதவு நிலையில் மோதுவார். நான் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிக்கொண்டு வந்த நாளில், படித்து என்னைவிடப் பெரிய ஆளாகப் போகிறாயோ என்று கேட்டு, என்னைத் தூக்கிக் கிணற்றடிக் கல்லில் எறிந்தார். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்கான ஏ.எல். சோதனை வரை போன முதல் ஆள் நான். அந்தச் சோதனையை ஒரு பல் இல்லாமல்தான் எழுதினேன்.

பிறகு ஒருநாள், லொறியில் யார் முதலில் மூடை இறக்குவது என்ற சண்டையில், கூட வேலை செய்த ஒருவரின் தோளில் அப்பா கொழுக்கியை இறக்கிவிட்டார். அந்த மனிதர் தப்பினார். அப்பாவை ரிமாண்டில் போட்டார்கள். அங்கே ஒரு போதகர் கிழமைக்கு ஒருமுறை செபிக்க வருவாராம். நாங்கள் பெயருக்குக் கத்தோலிக்கர்கள். கிறிஸ்மஸுக்கும் செத்தவீட்டுக்கும் மட்டும் கோயிலுக்குப் போகிறவர்கள். சமாதானமாகி வழக்கு முடிந்து வெளியே வந்தபோது, அப்பாவின் கையில் அவரால் வாசிக்கமுடியாத ஒரு வேதாகமம் இருந்தது.

குடியை விட்டார். அடியையும் விட்டார். பின்னேரங்களில் என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். நான் வாசிக்கும்போது அந்தப் பெரிய கைகள் இரண்டும் மடியில் மல்லாந்து கிடக்கும். எனக்கு வசனத்தைவிடக் கைகளில்தான் கண் இருக்கும். அம்மாவுக்கும் அப்படித்தான். இந்தக் கை இனியும் எழுமா என்பதுதான் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி. அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

போதகரின் சபை ஒரு தகரக் கூரை மண்டபம். அங்கே பாட்டுகள் முடிந்து பிரசங்கம் தொடங்கும் முன்னர் சாட்சி சொல்லும் நேரம் வரும். காய்ச்சல் மாறியவர், வேலை கிடைத்தவர், வெளிநாட்டிலிருந்து மகன் போன் எடுத்தவர் என்று ஒவ்வொருவராக எழும்பிச் சொல்வார்கள். சபை ஸ்தோத்திரம் சொல்லும். அப்பா எழும்பினால் மட்டும் குழந்தைகள்கூட அடங்கிவிடும். கொழுக்கியை எப்படிப் பிடிப்பது என்று வெறுங்கையால் காட்டுவார். அது அம்மாவின் கையில் எப்படி இறங்கியது என்று காட்டுவார். எலும்பு முறிந்த சத்தத்தை வாயால் செய்வார். தொடக்கத்தில் சொல்லமுடியாமல் அழுதார். போகப்போக எந்த இடத்தில் அழவேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அம்மா பெண்கள் பக்கத்துப் பாயில், சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டு இருப்பார். ஆராதனை முடிந்ததும் சகோதரிகள் வந்து அந்தக் கையைத் தொட்டுப் பார்த்து, ஆண்டவர் எவ்வளவு நல்லவர் அக்கா என்பார்கள். அம்மா சிரிப்பார்.

கேட்டவர்கள் தங்கள் ஊருக்கும் வந்து சொல்லும்படி அழைத்தார்கள். ஒரு கிழமை குச்சவெளி, இன்னொரு கிழமை மூதூர்ப் பக்கம். என்னோடு பந்து விளையாடுகிற ஒருவன் எல்லோருக்கும் முன்னால் கேட்டான்: "மச்சான், இந்தக் கிழமை எந்த ஊரில உன்ர அப்பா அம்மாவுக்கு அடிக்கிறார்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது எனக்குக் கொதித்தது.

கந்தளாயில் நடந்த கூட்டத்துக்குத் தமிழரும் சிங்களவரும் வந்திருந்தார்கள். எனக்குச் சிங்களம் வரும் என்பதால் போதகர் என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார். அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, அவர் சொல்லச் சொல்லச் சிங்களத்தில் சொன்னேன். நான் குடித்தேன். நான் என் மனைவியின் தலைமயிரைப் பிடித்தேன். நான் அவளை அடித்தேன். அப்பாவின் குரல் ஏறியபோது என் குரலும் ஏறியது. குனிந்து பார்த்தேன். அப்பாவின் வலது கையைப் போலவே என்னுடையதும் கொழுக்கி பிடித்ததுபோல் முட்டியாகி இருந்தது.

அன்றைக்குச் சனம் வழமையைவிடக் கூட. அந்த உற்சாகத்தில் அப்பா அதுவரை எங்கேயும் செய்யாத ஒன்றைச் செய்தார். அம்மா இருந்த பக்கம் திரும்பினார்.

"எழும்பு. எழும்பி உன்ர கையை எல்லாருக்கும் காட்டு."

நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை, எல்லாத் தலைகளும் திரும்பின. அம்மா எழும்பினார். வளைந்த கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார். இரண்டு மொழியிலும் ஸ்தோத்திரம் எழுந்தது. அப்பா மேலே சொல்லிக்கொண்டே போனார். அம்மாவைத் திரும்ப இருக்கச் சொல்ல மறந்துவிட்டார். கதை முடியும்வரை அம்மா கையைத் தூக்கியபடியே நின்றார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அம்மா குசினி வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அப்பா சந்தோஷமாக வந்தார். புல்மோட்டையில் பெரிய கூட்டமாம், நல்ல சேலையை எடுத்து வைக்கட்டாம். அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"நான் வரமாட்டன். நீங்களும் என்ர கையைப் பற்றி இனி எங்கயும் கதைக்கக்கூடாது."

கர்த்தருடைய மகிமைக்காகத்தானே சொல்கிறேன் என்று அப்பா சிரித்தார். எத்தனை குடிகாரர் இந்தச் சாட்சியைக் கேட்டுத் திருந்துகிறார்கள் தெரியுமா என்றார்.

"கையை முறிச்சது ஒருநாள்," என்றார் அம்மா. "அதுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை முறிக்கிறியள். சனம் பார்க்க முறிக்கிறியள்."

அப்பாவின் சிரிப்பு போய்விட்டது. "சாத்தான் உனக்குள்ள இருந்து கதைக்கிறான்."

"சாத்தான் இல்லை. நான்தான் கதைக்கிறன்."

கன்னத்தில் அறை விழுந்தது. அம்மா பக்கவாட்டில் சரிந்து மீன் சட்டிக்கு மேலே விழுந்தார். சட்டி கவிழ்ந்தது. உதடு வெடித்து வந்த இரத்தமும் மீனின் இரத்தமும் அம்மாவின் சட்டையில் ஒன்றாக ஊறின.

நான் எப்போது கதிரையிலிருந்து எழும்பினேன் என்று தெரியாது. அப்பாவின் சேட்டுக் கழுத்தைப் பிடித்து அலுமாரியில் மோதினேன். கண்ணாடி உடைந்து கொட்டியது. மூக்கில் குத்தினேன். வாயில் குத்தினேன். என் விரல் முட்டிகள் அவருடைய பற்களில் பட்டுக் கிழிந்தன. என்னை ஒரு மூடையைப் போலத் தூக்கி வெளியே எறியக்கூடிய மனிதர், இரண்டு கைகளையும் பின்னுக்குக் கொண்டுபோய் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் குத்தக் குத்தக் கம்பியை விடவில்லை. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. இன்னும் அடிக்கவேண்டும் போலவும் இருந்தது.

அம்மாதான் என் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தார். "விடு. இந்த வீட்டில அடிக்கிறதுக்கு ஒராள் காணும்."

அம்மா முகம் கழுவினார். சட்டை மாற்றினார். பையில் உடுப்பு வைத்துக்கொண்டு குச்சவெளியிலுள்ள பெரியம்மா வீட்டுக்குப் பஸ் எடுக்கப் புறப்பட்டார். கூட்டிக்கொண்டு போக வரவேண்டாம், இரண்டு பேருக்கும்தான் சொல்கிறேன் என்றார். அந்த 'இரண்டு பேர்' எனக்கு அடியைவிட மோசமாகப் பட்டது.

மறுநாள் ஞாயிறு. வீங்கிய மூக்கோடு அப்பா, அம்மாவுக்குப் போன் போட்டுத் தரும்படி கேட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் கோழிகள் சத்தம் கேட்டது. நேற்றுச் செய்ததைச் சபையில் சொல்லட்டுமா என்று அப்பா கேட்டார்; வேண்டாம் என்றால் சொல்லமாட்டாராம். அவர் அம்மாவிடம் அனுமதி கேட்டு நான் அறிந்தது அதுதான் முதல் தடவை. அம்மா கோழிகளை விரட்டிவிட்டுப் பதில் சொன்னார்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ. என்ர பேச்சு எடுக்காதேங்கோ."

சாட்சி நேரம் வந்தது. அப்பா எழும்பினார். மண்டபம் வழமைபோல அமைதியானது. அவர் கையை ஆட்டவில்லை, மேடைக்கும் போகவில்லை.

"நேற்று நான் கை நீட்டினனான். மாறிட்டன் எண்டு ஊர் ஊராகச் சொன்னனான். அது பொய். எனக்காகச் செபியுங்கோ."

அவ்வளவுதான். திரும்பப் பாயில் இருந்துவிட்டார். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. போதகர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார். சுருதி கூடிப்போய்ப் பாதிப் பேரால் பாட ஏலாமல் போயிற்று. ஆராதனை முடிந்ததும் போதகர் அப்பாவைத் தனியே அழைத்து, இப்படியானவற்றைத் தன்னிடம் மட்டும் சொல்லலாமே என்றார். புல்மோட்டைக்கு வேறொருவரை ஒழுங்கு செய்திருப்பதாகவும் சொன்னார். அப்பா ஓம், ஓம் என்றார். அதற்குப் பிறகு அவரை எந்த ஊருக்கும் யாரும் அழைக்கவில்லை.

அன்று பின்னேரமும் வேதாகமத்தை எடுத்தோம். முன்பெல்லாம் கொடியவர்கள் மனந்திரும்பும் பகுதிகளையே கேட்பார். இப்போது, தெரிந்த இடம் வேண்டாம், முதலிலிருந்து வாசி என்றார். காயம் பட்ட விரல்களால் தாளைப் புரட்ட எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் என் விரல்களைப் பார்த்தார். நான் அவருடைய மூக்கைப் பார்த்தேன். செபம் ஒவ்வொருவர் உடம்பிலும் எப்படி வேலை செய்கிறதோ எனக்குத் தெரியாது. அப்பாவிடம் அது இப்படித்தான் வேலை செய்தது. நிற்கும்போதுதான் தன் கை எழுகிறது என்று செபத்தில் தனக்குத் தெரிந்ததாம். அதனால் கோபம் வந்தால், எங்கே நின்றாலும், அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிடுவது. என்னையும் அப்படிச் செய்யச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன்.

அவர் களஞ்சியத்திலும் அதையே செய்தார். யாராவது வம்புக்கு இழுத்தால், மா தூசு பறக்கும் தரையில் சப்பாணி கட்டி இருந்துவிடுவார். "அண்ணைக்குக் கோபம் வந்திட்டுது, பாய் விரியுங்கோடா" என்று மற்ற நாட்டாமைகள் பகிடி பண்ணினார்கள். முன்பு அப்பாவிடம் தோளில் கொழுக்கிக் குத்து வாங்கிய மனிதர்கூடச் சிரித்தாராம். பகிடிக்குக் கோபம் வந்தாலும் இருந்தே ஆகவேண்டும் என்பதால், சில நாட்களில் அவர் அதிக நேரம் தரையில்தான் இருந்தார். வீட்டில் ஒருநாள் நாங்கள் இருவரும் சண்டை பிடித்து, குசினிக்குள் எதிரெதிரே நிலத்தில் இருந்தோம். சோறு அடிப்பிடித்துவிட்டது.

அம்மாவைப் பார்க்க எனக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. நான் போய் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நீயும் நிலத்தில இருக்கிறியோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு, மழை கொட்டிய ஒரு காலை, யாருக்கும் சொல்லாமல் அம்மா வந்து இறங்கினார். பையை வாசலில் வைத்தார், உள்ளே கொண்டுவரவில்லை. அப்பா எழும்பி நின்றார்.

"இருங்கோ," என்றார் அம்மா. "நீங்கள் எத்தினையோ ஊரில சொன்னியள். இப்ப நான் சொல்லுறன்."

அப்பா நிலத்தில் இருந்தார். நானும் இருந்தேன். அம்மா நின்றுகொண்டே சொன்னார். கல்யாணமான புதிதில் விழுந்த முதல் அடியிலிருந்து தொடங்கினார். வாளித் தண்ணீருக்குள் தலையை அமத்திப் பிடித்ததைச் சொன்னார். தன் தாயின் செத்தவீட்டில், சனத்துக்கு முன்னால், வயிற்றில் உதைத்ததைச் சொன்னார். காதில் இன்றைக்கும் இரைகிற இரைச்சலைச் சொன்னார். சாட்சியில் ஒருபோதும் வராதவை இவை. சிலவற்றை நானும் அன்றைக்குத்தான் கேட்டேன். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடைசியாகக் கைக்கு வந்தார்.

"சபையில நீங்கள் சொல்லுற கதையில நான் நிக்கிறன். ஒரு அடி அடிக்கிறியள், கை முறியுது. அப்படி இல்லை. முதல் அடிக்கே நான் விழுந்திட்டன். விழுந்து கிடந்த என்னைத்தான் திரும்பத் திரும்ப அடிச்சனீங்கள். கை முறிஞ்ச பிறகும் அடிச்சனீங்கள்."

அப்பாவின் முகம் கறுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அப்படி இல்லை என்று சொல்ல வாய் திறந்தார். அந்த முகத்தை நான் என் சிறுவயது முழுவதும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு என்ன வரும் என்று என் உடம்புக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அவர் ஒரு அடி பின்னுக்குப் போகவில்லை. அப்பா தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்து, அவற்றின் மேல் தன் முழுப் பாரத்தையும் போட்டு அமர்ந்தார். உதடுகள் அசைந்தன. செபித்தாரா, பல்லைக் கடித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. வாய் மூடியது.

அம்மா முடித்தபோது மழை விட்டிருந்தது. ஏதும் சொல்லப்போகிறீர்களா என்று கேட்டார். அப்பா இல்லை என்று தலையாட்டினார். அம்மா வாசலுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டி உள்ளே போனார்.

அப்பா எழும்ப முயன்றார். கால்கள் விறைத்துப்போயிருந்தன. நான் எழும்பிக் கை கொடுக்கப் போனேன்.

"விடு தம்பி," என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவர் இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்."