சென்னிமலையின் கடைவாய்ப்பல்

சென்னிமலையைப் போல என்னைப் பாடாய்ப் படுத்திய நோயாளி இந்தப் பதினேழு வருஷத்தில் வேறு யாருமில்லை. நான் குமாரபாளையத்தில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறேன். அவர் சாயப்பட்டறையில் நூல் வெளுப்பவர், வயது ஐம்பத்தெட்டு. இடது பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் எப்போதோ போய்விட்டன. வலது பக்கம் கீழே ஒன்றுதான் மிச்சம். அதுவும் அழுகி, கன்னம் வீங்கி வந்து நின்றார். அதை வைத்துத்தான் சோறே மெல்லுகிறேன், எப்படியாவது காப்பாற்றிக் கொடுங்கள் என்றார். வேர் சிகிச்சை செய்தால் பிழைக்கும் என்று நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பல்லைக் குடைந்து, வேருக்குள் ஓடுகிற குழாயைத் திறந்து, உள்ளே செத்துக் கிடக்கிற சதையையும் கிருமியையும் மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இந்தக் கழுவல்தான் பாதி வைத்தியம். கம்பி நுழையாத சந்துக்குள்ளும் தண்ணீர் நுழையும். நான் சிரிஞ்சைக் கையில் எடுத்ததுதான் தாமதம், மனிதர் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க டாக்டரம்மா, இது ஹைப்போதானுங்களே? இருவத்தெட்டு வருசமா இதுலதான் நூல் வெளுக்கறனுங்க. கையெல்லாம் வெந்து போவுது. இதையக் கொண்டாந்து என்ற வாயில ஊத்துவீங்களா?"

அவர் சொன்னது பொய்யில்லை. பட்டறைத் தொட்டியில் இருப்பதும் என் பாட்டிலில் இருப்பதும் ஒரே சரக்குதான், சோடியம் ஹைப்போகுளோரைட். ஊர் உலகத்தில் பல் டாக்டர்கள் எல்லாரும் இதில்தான் கழுவுகிறோம், அளவாகத்தான் கலந்திருக்கிறேன், பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் கட்டியிருப்பதால் நாக்கில் ஒரு சொட்டு படாது என்று தொண்டை வற்றச் சொன்னேன். காது கொடுத்தால்தானே. கடைசியில் வெறும் உப்புத் தண்ணீரில் கழுவி, தற்காலிகமாக அடைத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் ஒரு பாட்டிலோடு வந்தார். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காயோடு வேப்பம்பட்டையும் போட்டுக் காய்ச்சிய கஷாயம். இதை விட்டுக் கழுவச் சொல்லி, "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று எனக்கே பாடம் நடத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரிபலாவைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் கிருமியைக் குறைக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் செத்த சதையைக் கரைக்க ஹைப்போவுக்கு ஈடு அதில்லை. தவிர, யார் வீட்டு அடுப்பிலோ காய்ச்சியதை ஒருவருடைய தாடைக்குள் ஏற்ற எனக்குப் பைத்தியமா? கஷாயத்தை நீங்களே வாய் கொப்பளித்துக்கொள்ளுங்கள், என்னை என் வேலையைச் செய்ய விடுங்கள் என்று கத்தினேன். ஹைப்போவின் நாற்றம்தான் தாங்கவில்லை என்று அவர் இறங்கி வந்தார். சரி, நாற்றம் அறையில் நிற்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஹைப்போ பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்து மேற்கு ஜன்னல் திட்டில் வைக்கும்படி என் உதவியாளர் கமலவேணியிடம் சொன்னேன். அது மாசி மாதம்.

அதற்கப்புறம் ஐந்து தடவை கழுவினேன். ஒரு பலனுமில்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் குழாயில் சீழ். தட்டினால் வலி. சித்திரையும் வந்துவிட்டது. என் எரிச்சலையெல்லாம் அவர்மேல் கொட்டினேன். வெற்றிலையை விடுங்கள் என்றேன், விட்டார். சொன்ன நாளுக்கு வரவேண்டும் என்றேன், ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தார். கஷாயத்தை நிறுத்தச் சொன்னேன், அதையும் நிறுத்தினார். நல்ல பிள்ளையாக அவர் தலையாட்ட ஆட்ட எனக்குக் கோபம்தான் ஏறியது. உங்கள் பல் லட்சணம் அப்படி, இனிப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை.

பிடுங்குகிற நாளும் வந்தது. மரத்துப்போகிற ஊசியைக் கையில் எடுத்தேன். அவர் என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் பேசினார்.

"பல்லு போனாப் போவுதுங்க. எனக்கோசரம் ஹைப்போவ லேசாக் கலந்து ஊத்துனீங்களே, அந்த மனசு யாருக்குங்க வரும்?"

நான் அப்படி ஒன்றும் கலக்கவில்லையே என்றேன்.

"மொத நாளு மூக்கை அரிச்சுதுங்க. அப்பறம் வரவர வாசமே இல்லீங்களே."

பாட்டிலைக் கேட்டு வாங்கி முகர்ந்தார். தோளில் கிடந்த துண்டின் சிவப்புக் கரையிலிருந்து ஓர் இழையை உருவினார். கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றச் சொல்லி இழையை அதில் போட்டார். கமலவேணியும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிஷம் ஆயிற்று. சிவப்பு சிவப்பாகவே கிடந்தது.

"நூலே வெளுக்கலீங்க," என்றார். "வெயில் பட்டா ஹைப்போ செத்துப் போயிருமுங்க, அப்பறம் வெறுந்தண்ணிதான். பட்டறையில நெழல்லதான் வெப்போம். உங்க படிப்புல இதையச் சொல்லலீங்களா?"

சொன்னார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஜன்னல் திட்டில் இரண்டு மாத வெயிலில் என் பாட்டில் செத்துக் கிடந்திருக்கிறது, நான் அவர் வெற்றிலையைக் குற்றம் சொல்லியிருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். தப்பு என்மேல்தான் என்று அவரிடம் சொன்னேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் புதுப் பாட்டில் ஒன்றைத் திறந்தேன். அதில் போட்ட இழை கண்முன்னே வெளிறியது. அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தாமே சாய்ந்து வாயைத் திறந்தார். மூன்றே வாரத்தில் குழாய் காய்ந்து, அடைத்து, பல்லின்மேல் தொப்பியும் போட்டு அனுப்பினேன். அந்தப் பல்லில்தான் இப்போதும் மெல்லுகிறார்.

ஆனால் அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நோயாளிகள் நோட்டைப் புரட்டினேன். மாசியிலிருந்து அந்தப் பாட்டிலால் கழுவிய பற்கள் பதினொன்று. அதில் இன்னும் சிகிச்சையில் இருந்தவர்களையெல்லாம் போனில் கூப்பிட்டு மறுபடி வரச் சொன்னேன். ஒரு பல்லை மட்டும் பங்குனியிலேயே பிடுங்கிவிட்டிருந்தேன். ராசம்மாள் என்று, விசைத்தறியில் வேலை செய்கிறவர். முன்வரிசைப் பல். நோயை இப்படி முற்றவிட்டு வந்தால் நான் என்ன மந்திரமா போட முடியும் என்று கேட்டுக்கொண்டேதான் பிடுங்கினேன்.

அவரையும் கூப்பிட்டேன். பின்னால் தறிச் சத்தம். மருந்து கெட்டுப் போயிருந்தது, அதை நான் கவனிக்கவில்லை, உங்கள் பல் போனது என்னால்தான், வாருங்கள், வேறு பல் கட்டித் தருகிறேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் சத்தமில்லாத இடத்துக்கு நகர்ந்து வந்து பேசினார்.

"அதெல்லாம் இல்லீங்க டாக்டரம்மா. நாந்தான் முத்தவிட்டு வந்துட்டேன். நீங்கதான் அன்னைக்கே சொன்னீங்களே."

இல்லையம்மா என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.