ரோட்டுக்கு அடியில் கரண்ட்!

போன வாரம் என் மச்சான் நடுரோட்டில் படுத்துக்கொண்டார். பட்டப்பகலில், புதூர்நாட்டில், அத்தனை பேர் பார்க்க!

மச்சான் என் மனைவியின் அண்ணன். மின் கான்ட்ராக்டர் ஒருவரிடம் சூப்பர்வைசர். அந்த மலை ஊருக்கு வேலையாகப் போனவர், ஊர் பார்க்கலாம் வா என்று என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

புளி ஏற்றிய லாரிகள், ரோட்டுக்கு மேலே போகும் கரண்ட் கம்பியை இழுத்து இழுத்து அறுக்கின்றன. அதனால் மச்சானின் ஆட்கள் ரோட்டைக் குறுக்கே வெட்டி, கேபிளைப் புதைத்து, மூடி, அந்தப் பக்கம் இருக்கும் புது மாவு மில்லுக்குக் கரண்ட் கொடுத்துவிட்டார்கள்.

மில் ஓடியது. ஆனால், அரைக்க ஒரு ஆள் வரவேண்டுமே? கேழ்வரகுக் கூடைகளோடு கூட்டம் ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

"இன்னாங்க, மண்ணுக்குள்ள கரண்ட்டு ஓடுதுன்றீங்க. செருப்பில்லாத காலு இன்னா ஆவும்?" என்றார் ஒரு பெரியவர்.

மச்சான் பாதுகாப்புப் பாடம் எடுத்தார். "யாரையாவது கரண்ட் புடிச்சா கையால தொடாதீங்க. காஞ்ச கட்டையால தட்டி விடுங்க!"

இருந்த பயம் இரண்டு மடங்கானது.

மில்காரர் ஓடி வந்தார். "சார், இப்டியே போனா மிஷின கீழ எட்துக்கினு போய்டுவேன்!"

மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூடிய பள்ளத்தின் மேல் நீட்டிப் படுத்து, "பாருங்க... எனக்கு ஏதாவது ஆச்சா?" என்றார்.

ஆனது. வெட்டியபோது கலைந்த எறும்புப் புற்று ஒன்று அங்கே இருந்திருக்கிறது.

"ஐயோ... அம்மா!" என்று துள்ளினார் மச்சான்.

"புட்ச்சிக்கிச்சு! கட்டையால அடி!"

அடித்தார்கள். பாடத்தை எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார்கள்! நான் குறுக்கே விழுந்து, "எறும்புங்க... எறும்பு!" என்று கத்துவதற்குள் முதுகில் நாலைந்து விழுந்துவிட்டது.

அவ்வளவுதான், இனி மில் மலையிறங்கும் என்று நினைத்தேன். அப்போது கூடையோடு ஓர் அம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"வூட்ல சம்பந்திங்க வந்து குந்திக்கினு கீறாங்க. களி கிண்டலைன்னா மானம் போய்டும். உசுரு போனா போவட்டும்... வழி வுடுங்க!"

விறுவிறுவென்று ரோட்டைக் கடந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டம் அவர் கால்களையே பார்த்தது. பிறகு ஒவ்வொருவராக, நுனிக்காலில், பின்னாலேயே போனார்கள்.

விஞ்ஞானம் சொல்லி ஜனங்களை நகர்த்த முடியாது சார். வீட்டில் விருந்தாளி இருக்கவேண்டும்!

திரும்பும்போது டிரைவர் ஓட்ட, எங்கள் ஜீப் அந்த இடத்தைக் கடந்தது. என் இரண்டு கால்களும் தாமாக மேலே போய்விட்டன. வெட்கத்தோடு பக்கத்தில் பார்த்தேன்...

மச்சான் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.