தீவிரவாதத்தைத் தடுக்க ஏற்காடு ஏறினேன்

பால் கெட்டால் வாசனையிலேயே தெரிந்துவிடும். மனிதன் மனசு கெடுவதை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. தீவிரவாதக் கும்பல்கள் போனிலேயே ஆள் பிடிக்கின்றன. அதை நர்ஸ், கண்டக்டர், லாட்ஜ் ஊழியர்தான் முதலில் கவனிக்க முடியும் என்று சேலத்திலிருந்து என்னை மலைக்கு அனுப்பினார்கள். பயிற்சி வகுப்புகளில் கொட்டாவியை மென்று விழுங்கிய சகோதர சகோதரிகளே, எதிரே நின்று பேசுகிறவன் படுவதும் அதே பாடுதான்!

அறிகுறிகள்

“வீட்டாரிடம் பேச மாட்டார்கள். பழைய நண்பர்களை விட்டுவிடுவார்கள். கதவைச் சாத்திக்கொள்வார்கள். உலகமே தங்களுக்கு எதிரி என்பார்கள்” என்று நான் அடுக்க அடுக்க, லாட்ஜ் வரவேற்பாளர் மஞ்சுளா பரபரவென்று எழுதினார். பாதியிலேயே எழுந்து நின்றுவிட்டார். முகத்தில் அப்படியொரு பீதி.

“ஏனுங்க சார், எங்க லாட்ஜுல இப்ப இப்படி ஆறு ரூம் இருக்குதுங்க, ஆனா அத்தனையும் ஊட்டை எதுத்துக் கல்யாணம் பண்ணுன ஜோடிங்களுங்களே!”

ஒத்திகை

அடுத்து நாடகம். கிராம நர்ஸ் ஸ்டெல்லா ஆள் பிடிப்பவர். கொட்டச்சேடு பஸ் கண்டக்டர் கந்தசாமி, மறுத்துப் பேச வேண்டியவர். வெறியேற்றும் வசனங்களை நான் தாளில் எழுதித் தந்திருந்தேன். ஸ்டெல்லா அதை மடித்து வைத்துவிட்டு, “சாப்ட்டீங்களா? நொம்ப நேரமா நின்னுக்கிட்டே இருக்கறீங்களே, யாராச்சும் ஒரு வார்த்தை கேக்கறாங்களா?” என்றார். கந்தசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலியை ஸ்டெல்லா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எந்த இயக்கம்னு அப்பறமா சொல்லுங்க சிஸ்டர், மொதல்ல எம் பேரை எழுதிக்கங்க!”

கொண்டை ஊசி

ஒரு மாதம் கழித்து ஸ்டெல்லா போன் செய்தார். தலைச்சோலை ஜீப் டிரைவர் பிரபு, பிரசவ வலி என்றால் யாரென்று பாராமல் வண்டி எடுப்பவர், ஒரு பெண்ணை மட்டும் ஏற்ற மறுத்துவிட்டாராம். ‘அந்த ஆளுங்களுக்கு என் வண்டி வராது’ என்றாராம். நல்லவேளை, வேறு வண்டி கிடைத்தது. எனக்குச் சிரிப்பு செத்துப்போயிற்று. மலையேறினேன்.

சேலத்துக்குச் சவாரி பேசி, பிரபுவின் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமி முதல் கேள்வியைத் தொடங்கினேன். அடுத்த வளைவில் வயிற்றில் இருந்த அத்தனையும் வெளியே! பிரபு வண்டியை ஓரங்கட்டி, என் தலையைப் பிடித்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தைக் கிள்ளி முகரக் கொடுத்தார். எனக்கு ஒரு கேள்வியும் நினைவில்லை. அவரே பேசினார். போனில் அவரைச் சேர்த்திருந்த ஒரு குழுவில் தினமும் வரும் வெறுப்பு வீடியோக்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தெருவைத் தாக்க ஆட்களை ஏற்றிவரச் சொன்ன உத்தரவு, அதன்பின் தூக்கமே வராதது, எல்லாவற்றையும் கொட்டினார். அடிவாரம் சேர்ந்ததும், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போலீஸுக்குச் சொன்னார். ஞாயிறு அமைதியாகக் கழிந்தது. திங்களன்று அந்தப் பெண்ணையும் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டில் இறக்கிவிட்டவர் பிரபுதான். என்னிடம் ஏன் சொன்னார் என்று பிறகு கேட்டேன்.

“நீங்க பாடம் எடுத்திருந்தா எறக்கி உட்டுருப்பேனுங்க சார், வாந்தி எடுத்தீங்க, அதனாலதான் மனசு உட்டுப் பேசுனேன்.”

இந்தத் தொழிலில் வெற்றி என்பதே ஒன்று நடக்காமல் போவதுதான். அதை போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பச் சொன்னால் நான் எதை அனுப்புவது, நீங்களே சொல்லுங்கள்!