சங்கு ஊதியபோது கழுத்தில் கத்தி

இன்று காலை மயிலாப்பூரில் அபாயச் சங்கு ஊதியபோது நான் கோவிந்தனின் சவரக் கடையில் இருந்தேன். கத்தி என் தொண்டையில் இருந்தது.

ஜப்பான்காரன் குண்டு போட வந்துவிட்டான் என்று, காத்திருந்த இருவரும் பதுங்கு குழிக்கு ஓடினார்கள். எனக்குக் கால் எழவில்லை. கபாலீசுவரா என்று மனத்துக்குள் கூப்பிட்டேன்.

கோவிந்தன் கத்தியை எடுத்தார். அவர் கை வெடவெடவென்று நடுங்கியது.

"நீங்களும் ஓடுங்க" என்றேன்.

"சும்மா நின்னாத்தான் சாமி நடுங்குது. வேல செஞ்சிகினு இருந்தா நின்னுடும். பாதி மூஞ்சி பாக்கி கீது. குந்துங்க, முடிச்சிட்றேன்."

நடுங்கும் கையிடம் கழுத்தைக் கொடுப்பதா? மேலே விமானம் மாதிரி ஏதோ இரைந்தது. கண்ணை மூடித் தலையைச் சாய்த்தேன்.

கத்தி தோலைத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. அவருக்கு மட்டுமில்லை, எனக்கும்.

கபாலீசுவரன் கையில் சோப்பு வாசனை அடிக்கும் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

பிறகு, அபாயம் நீங்கியதென்று இரண்டாவது சங்கு ஊதியது. கோவிந்தன் "அப்பாடா" என்று மூச்சுவிட்டார். அப்போதுதான் கன்னத்தில் கீறிவிட்டார்.

படிகாரம் தடவியும் இன்னும் எரிகிறது. குழிக்குள் பத்திரமாக இருந்தவர்களே, உங்களுக்கு ஏதாவது காயம் உண்டா?