துவைக்கக் கூடாத சட்டை

வில்லியனூரில், வீடற்றவர்கள் பகலில் குளித்து, சாப்பிட்டு, படுத்து எழும் கூடம் ஒன்றை நடத்திவந்தார் அந்த அம்மா. ஒடிசலான உடம்பு. புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. சாப்பிட வருகிறவர்களின் முகத்தை நிமிர்த்திப் பார்த்த பிறகுதான் சோறு போடுவார்.

யாருடைய மூட்டையையும் கேட்காமல் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். கல்லூரி விடுமுறையில் உதவப் போன என் மகள், நாற்றம் தாங்காமல் ஒருவனுடைய மூட்டையிலிருந்த சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள். அவளை அழைத்துப்போக நான் உள்ளே நுழைந்தபோது, அவன் இரும்புக் குழாயை ஓங்கிக்கொண்டு அவள்மேல் பாய்ந்தான்.

"எம் பொண்டாட்டி வாசன அதுலதான்டி இருந்துச்சு!"

நான் நுழைந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அந்த அம்மா குறுக்கே விழுந்து மகளை மறைத்தார். முதல் அடியில் அவருடைய கை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அடுத்தது நெற்றியில். ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"இன்னா, அடிச்சிட்ட இல்ல? கீழ போடுபா."

அவன் குழாயைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து கதறினான். நான் போலீசுக்குப் போன் செய்யப் போனேன்.

"வேணாம் சார். அவன் நாளைக்கும் இங்க வரணும்."

"எம் பொண்ணக் கொன்னிருப்பாம்மா!"

"ஆமா சார், கொன்னிருப்பான். அதனாலதான் என் கண்ணு முன்னால இருக்கணும்."

அடுத்த வாரம் நன்றி சொல்லத்தான் போனேன். கட்டுப்போட்ட கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டபடி, மறு கையால் அவனுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் வாசலோடு திரும்பிவிட்டேன்.