புடவைப் பூவைக் காட்டாத கேமரா

என் கேமராவில் புடவை தெரியாது, உடம்பு தெரியும் என்று எங்கள் தெருவில் பேச்சு கிளம்பியபோது வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

அது ஒரு பழைய வெப்கேம். வீடியோவில் பேசுவதற்காகக் கம்ப்யூட்டர் மேல் செருகி வைப்பார்களே, அதுதான். நான் அறிவியல் நடத்தும் தனியார் பள்ளியில் ஒரு மூலையில் கிடந்ததைக் கேட்டு வாங்கி வந்தேன். லென்சைத் திருகி எடுத்தால் உள்ளே சிவப்பாக மினுங்கும் ஒரு சின்னக் கண்ணாடிச் சில் இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தடுப்பது அதன் வேலை. நெபுலா என்கிற வாயு மேகங்கள் வானத்தில் இருந்து அனுப்பும் சிவப்பில் பெரும்பகுதியையும் அது சேர்த்தே தடுத்துவிடும். அதை ஊசியால் நெம்பி எடுத்தேன். உள்ளே ஒரு கம்பியைப் பற்றவைத்து, ஒரு படத்துக்குச் சில விநாடிகள் ஒளி சேர்க்கும்படி செய்தேன். தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு அறுத்து, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துத் தொலைநோக்கியில் பொருந்தும் அளவுக்குக் கொண்டுவந்து, கேமராவை அதில் ஒட்டினேன். தொலைநோக்கியும் பழையதுதான். சென்னையில் ஒரு மாணவர் விற்றது, நாலரை அங்குலக் கண்ணாடி.

இதில் எதையும் எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. இங்கிலீஷில் இருந்ததை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். இரண்டு கேமராவைப் பாழாக்கி மூன்றாவதில் தேறினேன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

எங்கள் வீட்டுக்குப் பின்வீடு பெரியப்பா வீடு. சொந்தம் இல்லை, ஆனால் அப்பா அவரை அண்ணே என்று கூப்பிடுவதால் எனக்குப் பெரியப்பா. குரும்பகரத்தில் நிலம் வைத்திருக்கிறார், கூட்டுறவுச் சங்கத்தில் வேலையும் பார்க்கிறார். அவர் டிராக்டரைத்தான் அப்பா ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கேமரா வேலை செய்கிறதா என்று பார்க்க லென்சைத் திரும்ப மாட்டி லேப்டாப்பில் சொருகியிருந்தேன். பெரியம்மா கறிவேப்பிலை கேட்டு வந்தார். கறுப்பு நைலான் புடவை, அதில் சிவப்புப் பூ. நான்தான் அவரைக் கூப்பிட்டு வெயிலில் நிற்கவைத்தேன். என் புத்தி. திரையில் புடவை வெளிறிப்போய் ரோஸாகத் தெரிந்தது. பூ ஒன்றுகூட இல்லை. சில சாயங்கள் அகச்சிவப்பில் அப்படித்தான், கறுப்பு, சிவப்பு எல்லாம் ஒரே வெளுப்பாகிவிடும்.

"ஏண்டி, எம் பூவெல்லாம் எங்கடி போச்சு?" என்று பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாயத்தைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார். இன்னொரு புடவையைக் கட்டிக்கொண்டு வரட்டுமா என்றும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காணாமல் போனது பூ. புதன்கிழமை குழாயடிப் பேச்சில் காணாமல் போனது புடவை. நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். இரவு கேமராவில் துணிக்குள்ளே தெரியும் என்று யாரோ ஒருவன் கத்தும் வீடியோ எல்லார் செல்போனிலும் சுற்றியது. பெரியம்மா சிரித்துச் சொன்ன கதையை அதோடு சேர்த்துவிட்டார்கள்.

இதற்கு வசதியாக மாடியில் நான் நிறுத்தியிருந்த தொலைநோக்கியின் அமைப்பும் இருந்தது. வெளிச்சம் குழாயின் வாய் வழியாக உள்ளே போய், அடியில் உள்ள கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, அங்கே சாய்வாக இருக்கும் சின்னக் கண்ணாடியில் பட்டு, குழாயின் பக்கவாட்டில் உள்ள ஓட்டை வழியாக வெளியே வரும். அந்த ஓட்டையில்தான் கேமராவைச் செருக வேண்டும். கேமராவின் முகம் குழாய்க்குள்ளே இருக்கும், முதுகும் ஒயரும் வெளியே. கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு முதுகு எது முகம் எது என்று தெரியாது. குழாய் உச்சி வானத்தைப் பார்த்து நிற்க, கேமரா பெரியப்பா வீட்டுக் கொல்லையைப் பார்ப்பதாகத் தெரியும்.

மாசி மகம் முடிந்து நிலா தேய ஆரம்பித்திருந்த வாரம். இருட்டியதும் வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டம் உச்சிக்கு வந்துவிடும். அதன் இடுப்புக்குக் கீழே தொங்கும் நெபுலாதான் எனக்கு வேண்டும். இன்னும் பத்து நாள் போனால் மேற்கே சாய்ந்துவிடும், பிறகு கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும், அப்போது மழை.

வியாழக்கிழமை சாயங்காலம் பெரியப்பா வந்தார். கூடவே தெருமுனைக் கடைக்காரர். அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

மாடியில் கேமரா எதற்கு என்று பெரியப்பா அப்பாவிடம்தான் கேட்டார், என்னிடம் இல்லை. நான் பதில் சொன்னேன். குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மேலே வந்து பாருங்கள் என்றேன்.

"குழாய் மேலதான் பாக்குது பாப்பா. கேமரா எங்க கொல்லையத்தானே பாக்குது?"

கண்ணாடி, ஓட்டை, முகம், முதுகு என்று எல்லாம் சொன்னேன். படங்களைக் காட்டு என்றார்கள். லேப்டாப்பைத் திறந்தேன். அதில் ஒரு கோப்புறை முழுக்கக் கறுப்புப் படங்கள். குழாயை மூடிவைத்து எடுத்தவை. கேமரா தானாகப் போடும் புள்ளிகள் அதில் பதியும், பிறகு அதை நல்ல படத்திலிருந்து கழிக்கலாம். மூடிவைத்து யாராவது படம் எடுப்பார்களா என்று கேட்டார் பெரியப்பா. இருந்ததை எல்லாம் நான் அழித்துவிட்டதாக அவரே முடிவும் கட்டினார்.

கடைக்காரர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்ப நட்சத்திரத்துக்கு எல்லாம் புடவை இருக்குதுன்னு சொல்லு."

பெரியப்பா சிரித்தார். அப்பாவும் ஒப்புக்குச் சிரித்தார். கடைக்காரரை விட அந்தச் சிரிப்புதான் என்னைச் சுட்டது.

பேப்பரும் பேனாவும் மை டப்பாவும் பெரியப்பா கையோடு கொண்டுவந்திருந்தார். அதாவது என்ன நடக்கப்போகிறது என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துவிட்டு வந்திருந்தார். அப்பா எழுதிக்கொடுத்துக் கைநாட்டு வைத்தால் போதும், விஷயம் இதோடு முடியும் என்றார். அப்பா உடனே கட்டைவிரலை மையில் அழுத்தினார்.

"நீதான் படிச்சவளாச்சே. நீயே எழுது," என்று பேப்பரை என் பக்கம் தள்ளினார் பெரியப்பா.

அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். என் மகள் செய்த தவறுக்கு வருந்துகிறேன், இனி மாடியில் கேமரா வைக்க மாட்டாள். அப்பா மை விரலைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எழுதிவிடு என்றுதான் அந்தப் பார்வை. நான் படித்த படிப்பு எல்லாம் என் வாயை அடைக்கும் ஓலையை என் கையாலேயே எழுதுவதற்கா? பேனா பேப்பரைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி எழுதினேன். பிறகு உரக்கப் படித்தேன்.

"என் மகள் என் வீட்டு மாடியிலிருந்து வானத்தைப் படம் எடுக்கிறாள். வேறு எதையும் எடுக்கவில்லை. இனிமேலும் எடுப்பாள். சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம்."

"நான் சொன்னது இது இல்லையே," என்றார் பெரியப்பா.

"நீங்க சொன்னத நீங்க எழுதுங்க பெரியப்பா. பேப்பர் இன்னும் இருக்குல்ல. இந்தக் கேமராவுல புடவை தெரியாது, உடம்பு தெரியும்னு எழுதிக் கீழ உங்க கையெழுத்தப் போடுங்க. நான் அத எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போறேன்."

அவர் பேனாவை வாங்கினார். தினமும் சங்கத்தில் நூறு கையெழுத்துப் போடுகிறவர். கையெழுத்து என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"ஆயி, இன்னொரு தடவ படி," என்றார் அப்பா.

படித்தேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பேப்பரைத் தன் பக்கம் இழுத்து நான் எழுதியதற்குக் கீழே விரலைப் பதித்தார். பெரியப்பா அதை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தார். கடைக்காரரும் பின்னாலேயே போனார்.

அன்றைக்கே மாடிக்கு ஏறினேன். நட்சத்திரம் நகர நகரக் குழாயைத் திருப்பும் குமிழை அந்தக் கோபத்தில் கூட்டியும் குறைத்தும் திருகினேன். நட்சத்திரம் எல்லாம் புழுப்போல இழுபட்டது. அத்தனையையும் அழித்தேன். மறுநாள் டிராக்டரில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். அப்பா பூவம் பக்கம் கூலிக்குப் போகத் தொடங்கினார். அவர் சைக்கிளில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அழுகை வரவில்லை, பல்லைத்தான் கடித்தேன். நாலாம் நாள் சாப்பிடும்போது கேட்டார்.

"ஏன் ஆயி, அத ரெண்டா எழுதியிருக்கலாம்ல? ஒண்ணு நம்மகிட்ட இருந்திருக்கும்."

நெபுலா கிடைக்க மேலும் ஐந்து மாலைகள் ஆயின. அறுநூறு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்தக் கறுப்புப் படங்களைக் கழித்துப் பார்த்தேன். றெக்கை விரித்த மாதிரி ஒரு வெளிச்சம், ஓரத்தில் சிவப்பு, நடுவில் நெருக்கமாக நாலு நட்சத்திரம். கிழக்கே காரைக்கால் வெளிச்சம் இல்லாவிட்டால் இன்னும் வந்திருக்கும். ஆனாலும் அது நான் எடுத்தது.

போன மாதம் ரேஷன் கடை வரிசையில் பெரியம்மா எனக்கு முன்னால் நின்றார். திரும்பி, இன்னும் அந்தப் படமெல்லாம் எடுக்கிறாயா என்று மெதுவாகக் கேட்டார், ஒன்றுமே நடக்காத மாதிரி. பெரியப்பா பேப்பரோடு வந்த அந்தச் சாயங்காலம் அவர் தன் கொல்லைக் கதவுக்குப் பின்னால் நின்று எங்கள் வீட்டில் நடந்த அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். பூ மட்டும்தான் மறைந்தது என்று அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"எடுக்கிறேன்," என்றேன். அவர் இன்னும் ஏதோ கேட்க நின்றார். வரிசை நகர்ந்தது. முன்னால் போங்க என்றேன்.