கோகிலாவின் நாடா முடிச்சும் என் எம்.எட். பட்டமும்

உலகத்தில் எல்லா வாத்தியார்களும் பாடத்தை முதலிலிருந்து நடத்துவார்கள். சிறப்புக் கல்வி படித்த நாங்கள் மட்டும் கடைசியிலிருந்து நடத்துவோம். ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் ரெக்கார்டு நோட்டுமாக பஸ் பிடித்து மேல்படிப்பு படித்தவர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இழுத்தால் போதும்

திருப்பதியில் எம்.எட். இரண்டாம் வருஷம். புத்தி வளர்ச்சி மெதுவாக உள்ள ஒரு பிள்ளைக்கு நாம் ஒரு வேலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பரீட்சையன்று அது தனியாகச் செய்து காட்டினால்தான் நமக்கு மார்க். எங்கள் ஊரான நகரியில் பவர்லூம் ஓட்டும் பரிமளாக்காவின் மகள் கோகிலாவைப் பிடித்தேன். பதினாலு வயது. பாவாடை நாடா கட்ட வராது. ஸ்கூலில் பாத்ரூம் போகப் பயந்து, காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள், பாவம். திருப்பதியில் ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் இடம் இருந்தது. தன் துணியைத் தானே கட்டிக்கொண்டால்தான் சேர்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

நாடா கட்டுவதை ஒன்பது படியாகப் பிரித்தேன். எட்டை நான் செய்வேன், கடைசி இழுப்பு மட்டும் அவளுடையது. அது வந்ததும் கடைசி இரண்டு, பிறகு மூன்று. எப்போதும் முடிப்பது அவள்தான், கைதட்டல் வாங்குவதும் அவள்தான். பதினைந்து நாள் வெறும் இழுப்பையே பார்த்த பரிமளாக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"அறுந்த நூலுக்கு நான் கண்ண மூடிக்கினு முடிச்சு போடறேன். இதுக்கு இன்னாத்துக்கும்மா யூனிவர்சிட்டி?"

இடது கை

அவள் படும் கஷ்டம் நமக்கும் தெரிய வேண்டாமா? பஸ்ஸில் பையின் பிடியில் நாடாவைச் சுற்றி, வலது கையை மடக்கி வைத்துக்கொண்டு, இடது கையால் கட்டிப் பார்த்தேன். அடேயப்பா, வியர்த்துக் கொட்டியது. புத்தூரில் ஏறிய ஒரு அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, நாடாவை என்னிடமிருந்து பிடுங்கி ஒரு நொடியில் கட்டி, என் தோளைத் தட்டினார்.

"கவலப்படாதம்மா, எங்க ஓரகத்திக்கும் கல்யாணத்துக்கு அப்புறம்தான் வந்துச்சு."

ஆடும் தலை

மூன்றாம் மாதம் ஒன்பது படியும் கோகிலாவே செய்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கைடு சார், தெலுங்குக்காரர், பார்க்க வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கையிலிருந்த ஃபைலை என் முகத்துக்கு நேரே பிடித்தார். அவ்வளவுதான், கோகிலாவின் கை நின்றுவிட்டது.

ஒவ்வொரு படிக்கும் "சரி, சரி" என்று நான் தலையாட்டியிருக்கிறேன்! அதைப் பார்த்துத்தான் அவள் அடுத்ததற்குப் போயிருக்கிறாள். பரீட்சைக்கு மூன்றே வாரம். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல ஆத்திரம் வந்தது. சார் அவருடைய தமிழில் சொன்னார்:

"அம்மா, நாடா கட்றது மீ தல, உங்க தல. பாப்பா கை சும்மா கூட வருது, அந்தே."

கதவுக்கு வெளியே

மறுநாளிலிருந்து அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பிறகு வாசற்படி, பிறகு பக்கத்து அறை. நாடாவைத் தூக்கி எறிந்து அழுவாள். ஓடிப்போய்க் கட்டிவிட மனசு அடித்துக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு போகாமல் இருந்தேன்.

பரீட்சையன்று வெளியூர் எக்ஸாமினர் மேடம், கோகிலாவுக்குச் சுடிதார் மேலேயே பாவாடையை மாட்டச் சொல்லிவிட்டு, "நீங்க வெளியே போங்க" என்றார் என்னிடம். கதவைச் சாத்திவிட்டார்கள். வராந்தாவில் நானும் பரிமளாக்காவும். அக்கா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே சத்தமே இல்லை. போச்சு, ரெண்டு பேர் படிப்பும் போச்சு என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. பாவாடை இடுப்பில் சிக்கென்று நின்றது! முடிச்சு கொஞ்சம் கோணல்தான். இருந்தால் என்ன, அதைவிட அழகான முடிச்சை என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. "யாரும் தொடல, யாரும் சொல்லல, அவளே கட்டினா" என்றார் மேடம். இனி மையத்தில் இடம் உறுதி. பரிமளாக்கா ஓவென்று அழுதார், நான் புடவையோடு குதித்தேன். கோகிலா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மிஸ், இன்னா தப்பு பண்ண? உன்ன எதுக்கு வெளிய நிக்க வெச்சாங்க?"

ஆக, இரண்டு வருஷம் விழுந்து விழுந்து படித்து நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது வெளியே போய்ச் சும்மா நிற்பதுதான், அதற்குத்தான் முதல் வகுப்பு கொடுத்தார்கள்.